ஆட்டுக்குக் கிடை, எனக்கு முகாம்

கோவில்பட்டிப் பக்கம் ஆட்டுப் புழுக்கைக்கு இருக்கிற மரியாதை என்னைப் போன்ற அகதிக்கு இல்லை. அறுவடை முடிந்த கரிசல் நிலத்தில் இரவெல்லாம் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டால் மண்ணுக்கு உரம். அதற்காகச் சம்சாரிகள், அதாவது இந்தப் பக்கத்து விவசாயிகள், ஆட்டுக்காரரைத் தேடி வந்து கூப்பிடுகிறார்கள். வன்னியில் எங்கள் மாட்டுச் சாணத்தை யாரும் இப்படிக் கொண்டாடியதில்லை. வந்த புதிதில் சிரித்தேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது.

ஊரில் எங்களுக்குக் காட்டோரம் மாட்டுப்பட்டி இருந்தது. சிறுத்தைக்குப் பயந்து நானும் அப்பாவும் பட்டியடியிலேயே படுப்போம். ஷெல் விழத் தொடங்கியபோது படலையைத் திறந்து மாடுகளை விரட்டிவிட்டு ஓடினோம். அவை கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பட்டிக்குள்ளேயே வந்து நின்றன. என்னைப் போல ஓடி வந்த உங்களில் பலருக்கும் அப்படி ஒரு காட்சி நினைவிருக்கும்.

போன மாதம் ஒரு தொண்டு நிறுவனத்தார் முகாமுக்கு வந்தார்கள். மேய்க்கத் தெரிந்த அகதிகளுக்கு ஆடு கொடுத்து உள்ளூர் ஆட்டுக்காரரோடு சேர்த்துவிடுவார்களாம். நாங்கள் ஊரோடு ஒன்றிவிடுவோமாம். எனக்கும் மாலை, ஆட்டுக்கும் மாலை, படமும் எடுத்தார்கள். விளாத்திகுளம் பக்கம் கிடை போட்டிருந்த சுடலை அண்ணாச்சி என் ஆடுகளைச் சேர்த்துக்கொண்டார். முதல் நாளே ஒரு செம்மறியின் குளம்பில் புழு வைத்திருந்ததைப் பார்த்துச் சுத்தம் செய்தேன். "பழகுன கைதான்" என்றார். அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினேன். அவர் முகம் மாறியது.

"எங்கன போறீய? ஆடு விட்டவிய எல்லாம் கிடையிலதான் படுக்கணும். நாய் வரும், களவு வரும். காவல்ல எல்லாருக்கும் பங்கு உண்டுல்லா."

"இரவில முகாமில ஆள் பார்ப்பினம், அண்ணாச்சி. நான் நிக்காட்டிப் பெயரை வெட்டிப்போடுவினம்."

"அப்ப உங்க ஆட்டுக்கும் நாங்கதான் காவலா? அமாவாசை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அனுமதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா ஆட்டப் பத்திட்டுப் போயிருங்க."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

முகாம் அலுவலரிடம் போனேன். "ராத்திரி வெளிய தங்க முடியாதுங்க. ஆட்ட இங்கனயே ஓட்டிட்டு வந்துருங்களேன்" என்றார், அன்பாகத்தான். சிமெண்ட் தரைக்கு உரம் எதற்கு ஐயா? தொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள்.

பகலில் மட்டும் சேர்ந்து மேய்க்கிறவனை இந்த ஊர் கூலியாள் என்றுதான் நினைக்கும். கிடையில் பக்கத்தில் படுத்தால்தான் கூட்டாளி. ஒன்றிப் போ என்று ஆட்டைக் கொடுத்துவிட்டு, ஒன்றுகிற நேரத்தில் என்னை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்.

நாளை அமாவாசை. இன்று மாலை ஒரு சம்சாரி வந்து, "இன்னைக்கு நம்ம காட்டுல தங்குங்க அண்ணாச்சி" என்று சுடலை அண்ணாச்சியைக் கும்பிட்டு அழைத்தார். அவர் நிலத்தில் கிடை மாறியது. என் ஆடுகளும் உள்ளே போயின. நானே படலையை இழுத்துச் சாத்தினேன், வெளியே நின்றுகொண்டு. பிறகு முகாமுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.