கறுத்த கையுறை

சங்கமித்ராவின் எரிச்சல் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். கோலார் தங்கவயலிலிருந்து வரும் ரயிலில் நின்றபடியே பயணம் செய்து, பெங்களூரு வைட்ஃபீல்டில் இறங்கி, ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டி அலுவலகம் போய்ச் சேர்வாள். ஆனால் அந்த மார்ச் மாதத்து எரிச்சலுக்கு ரயிலோ ஆட்டோவோ காரணமில்லை.

கம்பெனி தயாரிக்கும் ஏஐ கேமராக்களைச் சோதிப்பது அவள் வேலை. புதிய கேமரா, தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கானது. அச்சுக்குக் கீழே கையைப் பார்த்தால் இயந்திரத்தை நிறுத்திவிடும். இதுவரை இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒன்றாக அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே போக வழியே இல்லை. கேமரா வந்தால் பட்டன்களை எடுத்துவிடலாம், வேலை வேகமாக நடக்கும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள்.

அலுவலகச் சோதனையில் ஒரு பிழையும் இல்லை. அங்கே எல்லோரும் போட்டிருந்தது புத்தம்புது நீலக் கையுறை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. கேமராவை எடுத்துக்கொண்டு, அதை வாங்கவிருந்த பொம்மனஹள்ளித் தொழிற்சாலைக்கே போனாள். பிரஸ் ஓட்டும் லூர்துமேரியின் கையுறை எண்ணெய் ஏறிக் கறுத்து, இயந்திரத்தின் நிறத்துக்கே வந்திருந்தது. அதில் எண்ணெய் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டை அடைத்து, கம்பில் செருகி, நூறு முறை அச்சுக்குக் கீழே நீட்டினார்கள். ஏழு முறை பிரஸ் நிற்கவில்லை.

நசுங்கிய கையுறையை லூர்துமேரி தூக்கிப் பார்த்தாள். "இன்னாம்மா இது? இத்த நம்பியா பட்டன எடுக்கப் போறாங்க?"

சங்கமித்ரா அன்றிரவே அறிக்கை எழுதி அனுப்பினாள்.

மேலாளர் சுஹாஸ் அறிக்கையின் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டான். "தொண்ணூத்தி மூணு பர்சென்ட், நல்லாத்தானே இருக்கு? புது கிளவுஸ் போட்டுக்கச் சொல்லு."

"பிரஸ் ஷாப்புல புதுசு அரை நாள்ல பழசாயிடும் சுஹாஸ்."

"வெள்ளிக்கிழமை மாட்டணும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்."

"விரலுக்கு அடுத்த வெர்ஷன் இல்லையே!"

கம்பெனியில் 'பொறுப்பான ஏஐ' என்று ஒரு குழுவே இருந்தது. அங்கே கொண்டுபோனாள். சுவரொட்டியில் ரோபோ கைகூப்ப வேண்டுமா, கைகுலுக்க வேண்டுமா என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். அவள் விஷயம் வரும்போது நேரம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் பேசலாமாம்.

இடத்துக்குத் திரும்பி, சோதித்தவர் கையெழுத்திட வேண்டிய படிவத்தைத் திறந்தாள். கையெழுத்துக்குப் பதில், "அழுக்குக் கையுறையை நூற்றுக்கு ஏழு முறை கேமரா பார்க்கவில்லை. பட்டன்களை எடுக்கக்கூடாது" என்று எழுதி, ஏழு வீடியோக்களையும் இணைத்தாள்.

"இது கஸ்டமருக்குப் போகும்னு தெரியும்ல?" சுஹாஸின் குரல் உயர்ந்தது.

"தெரிஞ்சுதான் எழுதினேன். நீ இன்னும் ஒரு வீடியோகூடப் பார்க்கல. முதல்ல பாரு."

வேண்டாவெறுப்பாக ஓடவிட்டான். மூன்றாவதில் முகம் சுளித்தான். ஐந்தாவதில் லேப்டாப்பை மூடினான். மாலைக்குள் படிவத்தை ஒரு வரிகூட மாற்றாமல் அனுப்பிவைத்தான்.

கேமரா மாட்டும் வேலையைத் தொழிற்சாலை நிறுத்திவைத்தது. ஐந்து வாரம், கறுத்த கையுறைகளைப் படமெடுத்து கேமராவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த சோதனையில் இரண்டாயிரம் முறையும் பிரஸ் நின்றது. அப்படியும் பட்டன்கள் இருக்கட்டும் என்று அவள் அடம்பிடித்தாள், தொழிற்சாலையும் ஒப்புக்கொண்டது.

ஏப்ரல் கடைசியில் வந்த அவளுடைய வருடாந்தர மதிப்பீட்டில், "குழுவோடு ஒத்துப்போகப் பழக வேண்டும்" என்றிருந்தது. பதில் எழுதும் கட்டத்தில் ஒரு பக்கம் தட்டினாள். முழுவதையும் அழித்தாள். பிறகு, புதிதாக வந்திருந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டிக் கேமராவுக்குக் கற்றுக்கொடுக்க அலுவலகத்தில் படமெடுத்தீர்களா, குடோனிலா என்று கேட்டு சுஹாஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.