மூன்று முறை விலைபோன குட்டைப் பசு

கண்காட்சிக்கு முந்திய மூன்று வாரமும் நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு லயம் லயமாகப் போய் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். பெரிய மாடு வேண்டாம். கறுப்பு வெள்ளைச் சீமைப் பசு வேண்டாம். எத்தனை போத்தல் பால் கறக்கும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. எங்களுக்கு வேண்டியவை கலப்பில்லாத நாட்டு மாடும் நாட்டு ஆடும் நாட்டுக்கோழியும். இந்த மலையில் அவை அருகிப் போய்விட்டன. மிச்சமிருப்பவற்றுக்குப் பரிசு கொடுத்து, விற்க நினைப்பவர்களின் கால்நடைகளை, வைத்து வளர்க்கக்கூடிய கைகளில் ஏலத்தில் சேர்ப்பதுதான் எங்கள் கால்நடை அலுவலகத்தின் நோக்கம். நாட்டு மாடு குட்டையாக இருப்பது அதன் குறையல்ல, அதுதான் அதன் அடையாளம்.

எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி லயத்தில் ஒருவர் என்னை வழியனுப்பும்போது சொன்னார்: "கவலப்படாதீங்க மிஸ். நல்ல பெருசா பாத்துக் கொண்டாறோம்."

அந்த இடத்திலேயே நான் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும். அழவில்லை. என் வேலை சினை ஊசி போடுவது, காதில் இலக்கத் தகடு குத்துவது, அளப்பது, பட்டியல் எழுதுவது. பட்டியல் ஒழுங்காக இருந்தால் நாளும் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறவள் நான். அன்றைக்கும் பதினோரு வரிகள் கொண்ட ஒரு நிகழ்ச்சிநிரல் என் கோப்பில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் விளையாட்டு மைதானம். மைதானம் என்றால் மலையில் ஓரளவுக்குச் சரிவு குறைந்த இடம் என்று அர்த்தம். பனி விலகியதும் வந்து சேர்ந்தவற்றை எழுதத் தொடங்கினேன். நாட்டு மாடு ஒன்பது. அதில் இரண்டின் தாய்க்கு நானே சீமைச் சினை ஊசி போட்டிருந்தேன், அதனால் ஏழு. பால் வற்றாத ஒரு சீமைப் பசு. "சும்மா பாக்கத்தான் மிஸ், ஒங்களுக்குப் புடிக்கும்னு" என்றார் கொண்டுவந்தவர். ஆடு ஆறு. கோழி ஒரு கூடை.

கோழிகளில் ஒன்று கழுத்தில் இறகே இல்லாத வகை. பிறவியிலேயே அப்படி, அதைப் பார்க்கத்தான் எங்கள் கால்நடை டொக்டர் நுவரெலியாவிலிருந்து வந்துகொண்டிருந்தார். கோழியைக் கொண்டுவந்தவர் அதன் கழுத்தில் சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்றைச் சுற்றி, ஊக்கு குத்தி வைத்திருந்தார்.

"இது என்னங்க?"

"வெறுங்கழுத்தா இருக்குங்க. பெரியவங்க வர்ற எடத்துல அசிங்கமா இருக்குமேன்னு என் வீட்டுக்காரி சுத்தி விட்டுச்சு."

"அந்தக் கழுத்துக்குத்தான் பரிசே."

அவர் என்னையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். டொக்டர் வரும்வரை கம்பளியைக் கழற்றவேயில்லை.

தோட்டத்தின் மேற்பகுதியான மேல் டிவிசனில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா தன் கறுப்புப் பசுவை ஓட்டிக்கொண்டு கடைசியாக வந்தார். அவரை எனக்குத் தெரியும். அவரிடம் இரண்டு மாடு: ஒன்று கலப்புப் பசு, குடும்பத்துக்குப் பால் காசு தருவது. மற்றது இந்தக் கறுப்பு. என் இடுப்பைவிடச் சற்று உயரம், நாளைக்கு ஒன்றரைப் போத்தல், ஆனால் நான் ஊசி எடுத்துக்கொண்டு ஒரு தடவைகூட அதற்காகப் போனதில்லை. அதற்கு நோய் என்று ஒன்று வந்ததே இல்லை. போன மழைக்கு அக்காவின் மாட்டுப்பட்டிக்குப் பின்னாலிருந்த மண்மேடு வெடிப்பு விட்டுச் சரியும் நிலைக்கு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் பட்டியைப் பிரித்துவிட வேண்டும் என்று தோட்டத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கலப்புப் பசுவுக்குப் பக்கத்து வீட்டுப் பட்டியில் இடம் கிடைத்தது. கறுப்புக்கு இல்லை. இறைச்சிக்குக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள்.

"மிஸ், வளக்கிற ஆளுக்குத்தானே குடுப்பீங்க?" என்று மைதானத்துக்குள் நுழையும்போதே கேட்டார்.

"அதுக்குத்தான் அக்கா இந்த ஏலமே. வாங்குறவங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

பட்டியைப் பிரிக்க அவருக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அளக்கும் வேலை தொடங்கியது. டொக்டர் சிங்களவர், பொறுமைசாலி, அளவு நாடாவை என்னிடம் தந்துவிட்டு எழுதிக்கொண்டார். மூன்றாவது மாட்டில் எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் புல்லுக்குள் மறைத்துவைத்த தட்டைக் கல்லின்மேல் நின்றன. நாலாவது மாட்டுக்காரர் சரிவின் மேல்பக்கமாக மாட்டை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஐந்தாவது மாடு உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு பானையாக நின்றது. குட்டையானதற்குப் பரிசு கொடுக்கிற இடத்தில், ஆளாளுக்குத் தங்கள் மாட்டை வளர்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் நான் யாரிடம் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல்லும் தந்திரமும் இல்லாமல் நின்றது அக்காவின் கறுப்பு மட்டுந்தான். திமில், காது, குளம்பு, கலப்பில்லாத உடம்பு, எல்லாம் சரி. முதற்பரிசு என்று அறிவித்ததும் கூட்டத்தில் சிரிப்பு.

"வளராத மாட்டுக்குப் பரிசாம்டா!"

"அது மாடு இல்லடா, ஆட்டுக்கு அண்ணன்."

அக்கா பரிசை வாங்கவே கூச்சப்பட்டார். ரிப்பனைக் கொம்பில் கட்டும்போது என் காதில் சொன்னார்: "எல்லாரும் சிரிக்கிறாங்க மிஸ், யாரு வாங்குவா?"

வாங்குவதற்கு ஓர் ஆள் இருந்தார். நோர்வூட்டில் சில்லறைக் கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர். பொகவந்தலாவை வீதியில் அவருக்குக் கொஞ்சம் காணியும் நல்ல கொட்டிலும் உண்டு. நானே போய்ப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே இரண்டு நாட்டு மாடு வளர்க்கிறார். லொறி பிடித்துக்கொண்டு, புதுக் கயிறும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நிகழ்ச்சிநிரலின் ஒன்பதாவது வரிக்கு நேரே, மனதுக்குள், நான் ஏற்கெனவே சரி போட்டிருந்தேன்.

என் தவறு அந்தப் பட்டியலிலேயே இருந்தது. எட்டு: ஏலம். ஒன்பது: வாங்கியவர், சொந்தக் கொட்டில் உண்டு என்றும் இறைச்சிக்கு விற்பதில்லை என்றும் படிவத்தில் கையொப்பமிடல். முதலில் கையொப்பம், பிறகு ஏலம் என்று மாற்றிப் போட்டிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. ஏலம் கூறுவதற்கு, இந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் எல்லாம் ஏலம் கூறும் தையல்கார அண்ணனைப் பிடித்ததும் நான்தான். குரல் நன்றாக இருக்கும், மைக் அவருடையது. மஸ்கெலியாப் பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கோயில் ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழம் எப்படி ஒரு ஆட்டு விலைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அது நினைவுக்கு வரவில்லை.

ஆடுகளும் கோழிகளும் ஒழுங்காகப் போயின. கறுப்பு வந்தது. நானா ஒரு விலை சொன்னார். இறைச்சிக்குக் கேட்டவர்கள் சொன்னதைவிட நல்ல விலை. அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது தையல்கார அண்ணன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மேல் டிவிசன் மாடு! மொதப் பரிசு எடுத்த மாடு! நோர்வூட்டுக்குப் போகுதுங்கோ! கீழ் டிவிசன்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா? எல்லாரும் கொழும்புக்குப் போயிட்டாங்களா?"

கீழ் டிவிசன் பையன்கள் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். அதில் ஆட்டோ ஓட்டும் தம்பி கையைத் தூக்கினான். உடனே மேல் டிவிசன் பக்கமிருந்து ஒரு கை. "எங்க மாட்ட நீங்க எடுக்குறதா?" நானா இன்னொரு முறை ஏற்றினார். அதற்குப் பிறகு யாரும் அவரைக் கவனிக்கவில்லை. விலை மேலே மேலே போனது. விசில் பறந்தது. நான் மேசையிலிருந்து எழுந்து "அண்ணே, கொட்டில் இருக்கிறவங்க மட்டும்" என்று கத்தினேன். மைக் என்னிடம் இல்லை.

நானா என் மேசைக்கு வந்தார். "நான் மாடு வாங்க வந்தேன் மிஸ். திருவிழா பாக்க வரல்ல." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. லொறி வாடகைக்கு எடுத்தது, நிறுத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆட்டோத் தம்பிக்கு மாடு விழுந்தது. அவனைத் தோளில் தூக்கினார்கள். நான் படிவத்தோடு அவனிடம் போனேன்.

"தம்பி, கொட்டில் எங்க இருக்கு?"

"என்ன கொட்டில் மிஸ்?"

"மாட்ட எங்க கட்டுவ?"

"மாட்டையா? எடுத்தத யாராச்சும் வீட்டுக்குக் கொண்டு போவாங்களா? கோயிலுக்கே குடுத்துட்டேன். அண்ணே, திருப்பி விடுங்கண்ணே!"

கோயில் ஏலத்து வழக்கப்படி தையல்கார அண்ணன் மாட்டை மறுபடி ஏலத்துக்கு விட்டார். என் கண்முன்னால், அதே ரிப்பனோடு, அதே மாடு இரண்டாம் முறை ஏலம் போனது. இந்தமுறை மேல் டிவிசன் எடுத்தது. எடுத்த பையனும் பெருந்தன்மையாகக் கையைத் தூக்கி, "நாங்களும் கோயிலுக்கே குடுக்குறோம்!" என்றான். டொக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, இப்போது மாடு யாருடையது என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். மூன்றாம் முறை தொடங்குவதற்குள் போய் மைக்கின் வயரைப் பிடுங்கினேன்.

பத்து நிமிடம் விதிகளை வாசித்தேன். நாலாவது விதிப்படி கொட்டில் இல்லாதவர் கேட்ட விலை செல்லாது. கோயிலில் மாடு கட்ட இடமில்லை; கோயிலே ஒரு மேட்டின் விளிம்பில் இருக்கிறது. ஆகவே கடைசியாகச் செல்லும் விலை நானா சொன்னது. பையன்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். "டிவிசன் மானம் என்னாகுறது மிஸ்?" என்றான் ஆட்டோக்காரன்.

அதுவரை மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா இப்போது முன்னால் வந்தார். அவன் அவருக்கு அண்ணன் மகன் முறை.

"ஏன்டா, ஒங்க லயத்துக் காம்பராவுல ஒரு கோழிக்கூடு வைக்க எடம் இருக்கா? ஒங்கம்மா துணி காயப்போடவே அடுத்தவங்க வாசலுக்குப் போகுது. மாட்ட எங்கடா கட்டுவ, ஆட்டோவுக்குள்ளயா?"

"அத்த, அது வந்து..."

"பேசாத. வந்த ஆளத் தொரத்திவிட்டுட்டு நிக்கிறீங்க. வெயாழக்கெழம பட்டியப் பிரிக்கணும். அன்னைக்கு இத எங்க நிறுத்துறது? மானத்தையா அது திங்கும்?"

மேல் டிவிசன்காரர்கள் சிரித்தார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கும் சேத்துத்தான்டா."

நான் நானாவுக்குத் தொலைபேசினேன். அவர் நோர்வூட் திருப்பத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன விலைக்கு நிக்கிது?"

"நீங்க கடைசியா சொன்ன விலைக்கு."

"மத்தவங்க கோவிக்க மாட்டாங்களா?"

"கோவிச்சுட்டுத்தான் நிக்கிறாங்க."

"சரி வாறேன். லொறி திருப்ப எடம் பாக்கணும்."

அவர் வந்து சேர்வதற்குள் தையல்கார அண்ணன் என்னிடம் கெஞ்சி மைக்கைத் திரும்ப வாங்கினார். "மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் ஒண்ணா சேந்து நானாவுக்கு விட்டுக்குடுக்குறாங்க! பெரிய மனசுங்கோ!" என்று அறிவித்தார். கைதட்டல். பையன்களின் முகம் மலர்ந்தது. ஆட்டோக்காரன் வந்து நானாவுக்குக் கைகுலுக்கினான். பத்து நிமிடம் நான் விதி வாசித்து நடக்காதது ஒரு வரியில் நடந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்குத் தலைவலிதான் வந்தது.

நானா கையொப்பமிடப் பேனாவை எடுத்தார். அக்காவுக்காக நான் படிவத்தைச் சத்தமாக வாசித்தேன்: மூன்று வருட காலத்துக்கு இறைச்சிக்கு விற்கமாட்டேன்.

"மூணு வருசமா?" என்றார் அக்கா. "அதுக்குப் பொறவு?"

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை. அதைத் தட்டச்சு செய்தவள் நானே. மூன்று என்று ஏன் போட்டேன் என்று யோசித்தேன். முந்திய ஒரு படிவத்தில் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

"வெட்டிருங்க மிஸ்," என்றார் நானா. "சாகுற வரைக்கும்னு போடுங்க."

"யாரு சாகுற வரைக்கும்?" என்று தையல்கார அண்ணன் கேட்டார்.

"ரெண்டு பேர்ல யாரு முந்துறமோ!" நானா பெரிதாகச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "இல்லீங்க நானா. ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்க. மாடு சாகுற வரைக்கும்னே எழுதச் சொல்லுங்க."

மூன்றை வெட்டி, அப்படியே எழுதினேன். நானா கையொப்பமிட்டார். வெட்டிய இடத்திலும் ஒன்று போட்டார். அக்கா தன் பழைய கயிற்றைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டார். விற்ற மாட்டோடு கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். புதுக் கயிற்றைக் கட்டி, இரண்டு டிவிசன் பையன்களும் சேர்ந்து, யார் முன்னால் பிடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே, கறுப்பை லொறியில் ஏற்றினார்கள்.

அடுத்த வாரம் அந்தப் படிவம் மேலிடத்திலிருந்து என் மேசைக்குத் திரும்பி வந்தது. திருத்தப்பட்ட வரிக்குப் பக்கத்தில், 'காலத்தைத் தெளிவாகக் குறிப்பிடவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு நோர்வூட்டுக்குப் போனேன். அதே வரியை, இன்னும் தெளிவான கையெழுத்தில் எழுதி, நானாவிடம் கையொப்பம் வாங்கி அனுப்பிவைத்தேன்.