அத்தை சொல்லாமல் விட்ட சொல்

அத்தை குளிப்பாட்டிவிட்டால் இரண்டு நாளைக்கு முதுகு எரியும். ஜப்பான்காரன் காலத்தில் சோப்பு ஏது? அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும்தான். கிணற்றடியில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒரு பிள்ளைக்கு மூன்று சிரட்டைத் தண்ணீர் என்று அளந்து ஊற்றுவாள். யாராவது சிணுங்கினால் அந்தப் பிள்ளைக்கு மறுநாள் இரண்டு சிரட்டைதான். எனக்கு அப்போது பதினொரு வயது. பதினொரு வயதுப் பெண்ணைத் தம்பிகளோடு நிறுத்தி வைத்துத் தேய்க்கிறாளே என்ற வெட்கத்தில்தான் அவளை வெறுக்கத் தொடங்கினேன். வெறுப்பதற்குப் பெரிய காரணங்கள் பிறகு வந்தன.

மலாக்கா டவுனுக்கு நடந்து போய்விடலாம் என்றாலும் எங்கள் காஜா பேராங் அன்றைக்குப் பாதி கம்பம், அதாவது பாதிக் கிராமம்தான். எங்களுடையது கட்டைக்கால் மேல் நின்ற பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை. அரசாங்க அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த அப்பாவுக்கு, ஜப்பான்காரன் வந்தபின் வேலை இல்லை. வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அம்மா வளர்த்த ரோஜாச் செடிகளைப் பிடுங்கிப் போட்டு, வீட்டைச் சுற்றி மரவள்ளி நட்டார். அத்தை அப்பாவுக்கு அக்கா. ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அவள் புருஷன் இறந்ததும், ஜப்பான் சண்டைக்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு மகனோடும் இரண்டு மகள்களோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாங்கள் எட்டுப் பேர். ஆகப் பதினோரு பிள்ளைகள், ஒரு கிணறு, இரண்டு அடுப்பு. அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒத்துப்போனதே இல்லை. அம்மா உப்புப் போட்ட குழம்பில் அத்தை ருசி பார்க்காமலே இன்னொரு கல் உப்பைப் போடுவாள். இரண்டு அடுப்பு வந்தது அதனால்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்து மழை நின்றால் வெயில் பிடித்துக்கொள்ளும். புல் காய்ந்து காலைக் குத்தும். கிணற்றில் தண்ணீர் இறங்கி, அடியில் கல் தெரியும். அந்த மாதங்களில் எங்கள் வாழ்க்கை வீட்டுக்கு மேலே அல்ல, கீழேதான். கட்டைக்கால்களுக்கு நடுவே இருந்த நிழலில் பதினோரு பேரும் உட்கார்ந்து மரவள்ளித் தோலை உரிப்போம், அங்கேயே தூங்குவோம், அங்கேயே ஒருவரை ஒருவர் கடித்துச் சண்டை போடுவோம். தலைக்கு மேல் பலகையில் அம்மாவின் நடையும் அத்தையின் நடையும் கேட்கும். இரண்டும் ஓரிடத்தில் வந்து நின்றால் நாங்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுப்போம். காலையில் அவித்த கிழங்கு, மத்தியானம் இடித்த கிழங்கு, அந்திக்கு ஜெபம் முடிந்ததும் மறுபடி கிழங்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு கைப்பிடி அரிசியில் கஞ்சி. கோயிலுக்குப் புறப்படும்முன் அத்தை எல்லார் காதையும் மடக்கிப் பார்ப்பாள். அழுக்கிருந்தால் கஞ்சி இல்லை.

அவளிடம் அடி வாங்காதவர் அவள் மகன் ஒருவர்தான். எனக்கு அத்தான். பத்தொன்பது வயது. கிழங்கு தோண்டுவதும் தண்ணீர் இறைப்பதும் கூரையில் ஏறி அத்தாப்பு மாற்றுவதும் அவர்தான். அத்தை கஞ்சி கொடுக்காத பிள்ளைக்குத் தன் தட்டிலிருந்து ஊற்றிவிட்டு, "அம்மாகிட்ட சொன்னா உதைப்பேன்" என்பார். உதைத்ததே இல்லை.

அந்த வருஷம்தான் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். ரயில் பாதை போடத் தமிழர்கள் வேண்டும் என்றார்கள். முதலில் தோட்டங்களில் பிடித்தார்கள், பிறகு கம்பங்களுக்கும் லோரி வந்தது. போனவர்கள் கடிதம் போடவில்லை. அப்பாவோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் வந்து, பட்டியலில் அப்பாவின் பெயரைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். லோரி வந்தால் அப்பா கிணற்றுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தது அம்மா.

"குடிக்கிற தண்ணியில ஆம்பளை காலை வச்சிட்டு நிக்கிறதா?" என்றாள் அத்தை.

"அண்ணி, உங்களுக்குத் தம்பி வேணுமா, தண்ணி வேணுமா?"

அத்தான் கயிற்றை இழுத்துப் பார்த்து, நைந்த இடத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டார். யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நான். சின்னதுகள் உளறிவிடும். அம்மாவுக்கோ பொய் சொன்னால் கண் கலங்கிவிடும். "செமாபோக்குக்குக் கிழங்கு விதைக்குச்சி வாங்கப் போயிருக்காங்க" என்ற வாக்கியத்தை அம்மா என்னை இருபது தடவை சொல்லவைத்தாள்.

லோரி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த செட்டி வீட்டு அம்மாள் சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக மலாய்தான் பேசுவார்கள். "லோரி டாத்தாங்! லோரி டாத்தாங்!" என்று கத்தினாள். லோரி வருகிறது என்பது எங்களுக்குப் புரியாமலா போகும்? அத்தான் அப்பாவின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கிணற்றுச் சுவரில் காலை உதைத்துக்கொண்டு, பிடிபிடியாக இறக்கினார். முழங்கால் அளவுத் தண்ணீரில் அப்பா இறங்கிய சத்தம் கேட்டது. கயிற்றை மேலே இழுத்து வாளியை மாட்டி, அத்தான் தண்ணீர் இறைக்கிறவர்போல நின்றார். அவருடைய பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ளவர்களைத்தான் பிடிப்பார்கள் என்று எல்லாரும் நம்பினோம். அதனால்தான் அவர் அங்கே நின்றார்.

துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாயும், தாளோடு ஒரு தமிழ்க் கிராணியும் வந்தார்கள். கிராணி அப்பாவின் பெயரை வாசித்தார். என்னிடம் குனிந்து, "அப்பா எங்க பாப்பா?" என்றார்.

நான் சொன்னேன். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. எந்த வழியாகப் போனார், எப்போது திரும்புவார் என்பதையும் நானாகவே சேர்த்துச் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கிராணி சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் கிணற்றடியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"அது யாரு?" என்று கேட்டார் கிராணி.

துணி உலர்த்திக்கொண்டிருந்த அத்தை, "என் மகன்" என்றாள்.

"அவன் வரட்டும். வீட்டுக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். பேர் எதுவா இருந்தா என்ன?"

அத்தை வாயைத் திறந்தாள். நான் அவளுக்கு நேரே நின்றிருந்தேன், அதனால் பார்த்தேன். அவளுடைய கண் கிணற்றுக்குப் போனது, அங்கிருந்து எனக்கு வந்தது, பிறகு மகனுக்குப் போனது. அத்தான் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்பதுபோல. "தம்பி அங்கே இருக்கிறான்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தண்ணீரைச் சிந்தினாய், உப்பைக் கொட்டினாய் என்று நாள் முழுக்கக் கத்துகிறவள் அவள். வாயை மூடிக்கொண்டாள். கொடியில் கிடந்த அத்தானின் சட்டையை எடுத்து, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல அவருக்குப் போட்டுப் பொத்தான் மாட்டினாள்.

"அம்மா, ஈரமா இருக்கு."

"போற வழியில காஞ்சிடும்."

லோரி போனது. அம்மா கயிற்றை எடுக்க ஓடினாள். "இருக்கட்டும்" என்றாள் அத்தை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். சூரியன் உச்சிக்கு வந்து வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழும்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. கீழே அப்பா எல்லாவற்றையும் கேட்டிருப்பார். அவரும் குரல் கொடுக்கவில்லை. பிறகு அத்தையே கயிற்றை வீசினாள். முதல் பிடி அவளுடையது. பின்னால் நாங்கள் எல்லாரும் பிடித்து இழுத்தோம். முழங்கால்வரை சேறோடு அப்பா மேலே வந்து "அக்கா" என்றார்.

"தண்ணியக் கலக்கிட்ட" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. அந்தி ஜெபத்தில் முழங்காலில் நின்று அத்தை உரக்க ஜெபிப்பாள்: "ஆண்டவரே, ஒளிஞ்சிக்கிட்டவனை நீர் அறிவீர்." அவள் ஆமென் சொல்வதற்குள் அம்மா தொடங்குவாள்: "ஆண்டவரே, நாக்கை அடக்க மாட்டாதவங்களுக்கு இரங்கும்." இரண்டு பேரும் மாறி மாறி ஆண்டவரிடம் ஒருவரைப்பற்றி ஒருவர் புகார் சொல்ல, பசியோடு நாங்கள் முழங்கால் வலிக்கக் காத்திருப்போம். அப்பா தலையைத் தூக்கவே மாட்டார். கடைசி ஆமென் மட்டும் அவருடையது.

அத்தை அப்பாவை நேராக ஒன்றும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட ஜெபத்தில்தான். மீதி எல்லாம் எனக்கு. அன்றிலிருந்து என் பெயர் பொய்க்காரி. "பொய்க்காரி, அடுப்பைப் பாரு." "பொய்க்காரிக்குக் கிழங்கு போதும்." கோயில் வாசலில் போதகர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிட்டாள். தம்பி தங்கைகள் சிரித்தார்கள், பிறகு அவர்களும் கூப்பிட்டார்கள். அம்மா தடுக்கவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது அவள்தான் என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் எங்களுக்கு இன்னொரு தம்பி பிறந்தான். அப்பா போயிருந்தால் பிறந்திருக்க மாட்டான், அது எல்லாருக்கும் தெரியும். ஞானஸ்நானத்துக்கு அத்தானின் பெயரை வைக்கலாம் என்று அம்மா நினைத்தாள். உண்மையான அன்போடுதான் நினைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அத்தையிடம் சொன்னாள். அத்தை பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் பேருல ஒருத்தன் இருக்கான். வருவான். வந்தா அவனை என்னான்னு கூப்பிடுவீங்க?"

தம்பிக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

ஜப்பான் சண்டை முடிந்தது. சில மாதம் கழித்து, சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். காலில் ஆறாத புண். அத்தானோடு ஒரே கொட்டகையில் இருந்ததாகவும், முதல் மழைக்காலத்திலேயே வாந்திபேதியில் அத்தான் போய்விட்டதாகவும் சொன்னார். எத்தனை நாள் கிடந்தான், யார் தண்ணீர் கொடுத்தது, எங்கே புதைத்தீர்கள் என்று அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவருடைய புண்ணைக் கழுவித் துணி கட்டினாள். சாப்பாடு போட்டு அனுப்பினாள். அழுதது அம்மா. அவள் அழுகையைப் பார்த்து அத்தை எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் அப்பா அவளிடம் போனார். நான் அடுக்களையில் இருந்தேன்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கணும்."

"கேக்காத தம்பி." அத்தையின் குரலில் கோபமே இல்லை. அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். "நீ கேட்டா நான் மன்னிக்கணும். கிறிஸ்தவச்சி, மாட்டேன்னு சொல்ல முடியாது. என்னால இப்ப முடியாது. எப்பவும் முடியாதுன்னுதான் நெனைக்கிறேன். அதனால கேக்காத."

அப்பா கேட்கவில்லை. பத்தொன்பது வருஷம் அதே வீட்டில் இருந்தார், கேட்காமலே இறந்தார். அவளுக்கு அவர் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசிக் காலத்தில் அத்தை செமாபோக்கில் சின்ன மகள் வீட்டில் படுத்திருந்தாள். நான் அதற்குள் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டேன். கடமைக்கு மீன் குழம்பு வைத்து எடுத்துப்போனேன். உப்பில்லை என்றாள். அவள் வாயைத் துடைத்துவிடும்போது, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அத்தை, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா?"

"நீ சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன்" என்றாள் உடனே. "அவன் என் தம்பி. எட்டுப் புள்ளைக்காரன். வேற என்ன சொல்றது?"

"அப்புறம் ஏன் என்னைப் போட்டு அந்தப் பாடு படுத்தினீங்க?"

என் கையிலிருந்த துணியை வாங்கி, வாயைத் தானே துடைத்துக்கொண்டாள்.

"யாரையாச்சும் வெறுத்தாத்தானே நான் நடமாட முடியும்? உங்கப்பனை வெறுத்தா அவன் செத்துருவான். உங்கம்மா அழுதே ஊரைக் கூட்டுவா. நீதான் தாங்குவே."

ஒரு மாதத்தில் இறந்துபோனாள். பாராட்டைப்போல அவள் சொன்ன அந்தச் சொல்லை நான் வெகுநாள் பாராட்டாகவே வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொன்னேன்.

இப்போது மலாக்காவுக்கு வெளியே ஆயர் குரோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்குப் போன மாதம் பதினொரு வயது முடிந்தது. பல்லிக்குப் பயந்து இன்னும் என் பாயில் வந்து படுக்கிறாள். நேற்று அவளுக்குத் தலை பின்னிவிடும்போது கழுத்தைப் பார்த்தேன். அவ்வளவு மெல்லிய கழுத்து. ஒரு கைக்குள் அடங்கிவிடும். பாதிப் பின்னலில் கை நின்றுவிட்டது.

"என்ன பாட்டி?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். இந்த வயதுப் பிள்ளையையா தாங்குவாள் என்று நினைத்தாய், அத்தை?