கள்ளிக் குரூப்பில் சிரிப்பை எடுத்த பிறகு

பல் செட் செய்யும் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பொடிப் பிரஷ்ஷால் ஈறுக்கு நிறம் தீட்டிக் கொடுத்தால், பெற்ற தாய்க்கே சந்தேகம் வராது. ஆனால் அவள் உயிர் இருந்தது மொட்டைமாடியில், கள்ளிச்செடித் தொட்டிகளில். துணி காயப்போடப் போகும், அவளைக் கட்டிக்கொண்ட வீட்டுக்காரர் முள் குத்தித் துள்ளாத நாளில்லை.

கள்ளி வளர்ப்பவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருந்தது. அங்கே அவளுக்குப் பெயர் பல்லுக்காரி. எல்லாப் பேச்சும் ஒரே ஓட்டமாக ஓடும் இடம் அது. ஒருவர் காலையில் உரத்தைப் பற்றிக் கேட்டால், பதில் வருவதற்குள் நாற்பது பேர் வேறு எதையோ பேசி அதை அமுக்கியிருப்பார்கள். சுருக்கென்று ஒரு நக்கல் அடித்தால் மட்டும் போதும், கீழே சிரிப்புக் குறிகள் மளமளவென்று கொட்டும். அந்தச் சிரிப்பு பல்லுக்காரியைப் பிடித்து ஆட்டியது. நேரில் எறும்பைக்கூட ஓரமாக நகர்த்திவிட்டு நடப்பவள், போனைத் தொட்டால் போதும், வாய் காது வரைக்கும் நீண்டுவிடும்.

குரூப்பை நடத்தியவள் ஒரு நர்ஸ். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஆரம்பித்தாள். இதில் ஒவ்வொரு செடிக்கும் தனிப் பக்கம். அங்கே அந்தச் செடியைப் பற்றி மட்டும்தான் பேச்சு. எழுதுகிறவர் தன் செடியை அன்றைக்கு எடுத்த போட்டோவோடுதான் எழுத வேண்டும். சிரிப்புக் குறி அறவே கிடையாது.

பல்லுக்காரிக்கு வந்ததே கோபம்! நல்ல நல்ல நக்கலெல்லாம் நாக்கு நுனிவரை வந்து, போட்டோ எடுக்க மாடி ஏறுவதற்குள் சப்பென்று போயின. மிச்சம் மீதி எல்லாம் இப்போது தன் தலையில் விடிவதாக வீட்டுக்காரர் புலம்பினார்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய நட்சத்திரக் கள்ளி மொட்டு விட்டது. விதையிலிருந்து அவளே வளர்த்த செடி, முதல் மொட்டு! தலைகால் புரியவில்லை அவளுக்கு. அந்தப் பூவில் விதை எடுத்தே தீர வேண்டும். ஆனால் அதற்குத் தன் மகரந்தம் ஒட்டாது. அதே ஜாதியில் வேறொரு செடி அதே சமயம் பூத்திருக்க வேண்டும். பூவோ மிஞ்சிப்போனால் இரண்டு நாள்தான் நிற்கும். பக்கம் பக்கமாகத் தேடினாள். மொட்டோடு இருந்தது ஒரே ஒரு செடி, லிஃப்ட் மெக்கானிக்குடையது.

போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டாள். பழைய குரூப்பில் களிமண் மண்டை என்று அவள் வாரியது அந்த மனிதரைத்தான். அவள் வாழ்க்கையிலேயே அதிகச் சிரிப்பு விழுந்தது அதற்குத்தான். அதன்பிறகு அவர் அங்கே வாயே திறக்கவில்லை.

அவருடைய செடியின் பக்கத்தை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். நடுவில் ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தார்: “இதுக்கு ஜோடியா ஒண்ணு இருந்துச்சு. களிமண்ல வச்சேன், அடி அழுக ஆரம்பிச்சது. எப்படிக் காப்பாத்தறதுன்னு பழைய குரூப்ல கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது செத்துப் போச்சு.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. களிமண் என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பாய்ந்தவள் அவள். கேள்வி கேட்டிருக்கிறார் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டாள்.

“திட்டுனது ஊரறிய. மன்னிப்பு மட்டும் காதோட காதா கேப்பியா?” என்றார் அவர்.

மறுநாள் பூ விரிந்தது. மஞ்சளென்றால் அப்படி ஒரு மஞ்சள், நடுவில் சிவப்பு! போட்டோ எடுத்து அவர் பக்கத்திலேயே போட்டு எழுதினாள்: “அன்னைக்கு நீங்க கேட்டதைப் படிக்காமலே கேலி பண்ணினேன். தப்பு என்னோடது. என் செடி பூத்திருக்கு, உங்க பூவோட மகரந்தம் வேணும். இல்லைன்னு சொன்னாலும் நியாயம்தான்.”

அன்று பதிலே இல்லை. அடுத்த நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தாள். சாயங்காலம் பூ வாடிவிடும். உச்சிவெயிலில் போன் கிணுகிணுத்தது. மெக்கானிக்கின் பெயரில் ஒரு போட்டோ. பூத்த தொட்டி ஒன்று அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது, பின்னால் தெரிவது அவள் வீட்டு கேட்! நாற்று வாங்க ஆட்கள் வந்துபோகும் வீடு, விலாசம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

மாடியில் இரண்டு பூக்களும் பக்கத்தில் பக்கத்தில். ஈறுக்கு நிறம் தீட்டும் பிரஷ்ஷை எடுத்தாள். மெக்கானிக் தொட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டார். இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு, தொட்டுத் தொட்டு வைத்து முடித்தாள்.

அவர் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“இப்பவாவது சொல்லுங்க, அதை எப்படிக் காப்பாத்தியிருக்கலாம்?”

“அழுகின இடத்தை வெட்டிட்டு, காயவிட்டு, மணல்ல வைக்கணும்” என்றாள் அவள். பிறகு, குரூப்பில் ஒருவரிடமும் மூச்சு விடாததையும் சொன்னாள். “எனக்கும் முதல் செடி களிமண்லதாங்க போச்சு.”