வியர்த்தது செல்வராணிக்கு, பதில் சொன்னது கருணாகரன்

ராமநாதபுரத்தில் ஒரு மகளிர் கிளினிக்கில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே நோய் மனைவிக்கு இருக்கும்; அதைப் பற்றிய முழு அறிவும் கணவருக்கு இருக்கும். வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருந்த கருணாகரன் அந்த வகையில் ஒரு பேராசிரியர்.

அவர் மனைவி செல்வராணிக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் கிடையாது.

"ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?" என்று டாக்டரம்மா அவளிடம் கேட்டார்.

"ஆமா டாக்டர், ஃபேனை முழுசா வச்சிர்றா. எனக்குச் சளி பிடிச்சுக்கிருச்சு," என்றார் கருணாகரன். "பெங்களூர்ல என் தங்கச்சி ஹார்மோன் மாத்திரை போடுறா. பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கா. அதையே எழுதுங்க."

"அது நிறையப் பேருக்கு நல்லாக் கேக்கும். சிலருக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். அதனால கேட்டுட்டுத்தான் குடுக்கணும். குடும்பத்துல யாருக்காச்சும் வந்திருக்கா?"

"எங்க வம்சத்துலயே கெடையாது!"

மாத்திரை போடப்போவது அவர் வம்சம் இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிரஷர் பார்க்க வேண்டுமென்று செல்வராணியை உள்ளறைக்கு அழைத்துப் போனேன். கருணாகரனும் பின்னாலேயே வந்தார்.

"அவளுக்குப் பிரஷர் நார்மல்தான் சிஸ்டர்."

"உங்களுக்குத்தான் ஏறிக்கிட்டு இருக்கு. உக்காருங்க சார்."

கதவைச் சாத்தியதும் அவள் அழுதுவிட்டாள்.

"எங்க அக்காவுக்கு மார்ல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணுனாக சிஸ்டர். எங்க மக கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இவுகதான் சொன்னாக." கொஞ்சம் தயங்கி, இடது மார்பில் கை வைத்தாள். "எனக்கும் இங்கன ஒண்ணு தட்டுப்படுது."

டாக்டரம்மாவை உள்ளே அழைத்தேன்; தொட்டுப் பார்த்தார். மாத்திரை எழுதவில்லை, மேமோகிராம் எழுதினார். பிறகு ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று தெரிந்தது. நல்லவேளை, ஆரம்பக் கட்டம்.

மதுரையில் ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்துச் செக்கப்புக்கு வந்தார்கள். வியர்வைக்கு ஹார்மோன் இல்லாத வேறு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் தெரிந்தே மகள் கல்யாணமும் நடந்திருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"பரவால்ல டாக்டர், நாங்க..." என்று ஆரம்பித்தார் கருணாகரன்.

"நீங்க வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க," என்றாள் செல்வராணி. "என் ஒடம்பப் பத்தி நான் பேசிக்கிறேன்."

போனார்.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பதை நோயாளியிடம் தனியாகக் கேளுங்கள். கூட வந்தவருக்குரிய மரியாதையை வெளியே ஒரு நாற்காலியாகப் போட்டுக் கொடுத்தால் போதும்.