நெருடுது என்றால் நிறுத்த வேண்டும்

"மனதில் ஒரு நெருடல்" என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். ராஜினாமாக் கடிதத்தில்கூடப் பார்த்துவிட்டேன், ஏதோ நாசூக்கான சொல் மாதிரி. எனக்கு எரிச்சல் வரும். அந்தச் சொல் விரலில் பிறந்தது. அகராதியைப் புரட்டினால் விரலால் தடவுவது, உருட்டிப் பார்ப்பது என்றெல்லாம் போட்டிருக்கும். மனதுக்கு அது பிறகுதான் போயிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு அகராதி தேவைப்பட்டதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பட்டுத்தறி. நெய்வது அப்பா. தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அது என் வேலை. முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு அகலம் முழுக்க உள்ளங்கையால் தடவுவேன். எங்காவது திரண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். நான் "நெருடுது" என்று சொல்லிவிட்டால் அப்பா தறியில் உட்கார மாட்டார். எங்கே, ஏன் என்று கேட்கவும் மாட்டார். நானே தேடிச் சரிசெய்து "ஆச்சு" என்று சொல்லும்வரை சும்மா நிற்பார்.

எனக்கு இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்தது. கோயில் பிரகாரத்தில் வைத்துப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்குக் கார் கம்பெனியில் வேலை, கெட்ட பழக்கம் கிடையாது, என்னிடம் மரியாதையாகப் பேசினார். பிரசாதம் சாப்பிட்ட தொன்னையைக்கூடக் குப்பைத்தொட்டி தேடிப்போய்ப் போட்டார். வீடு திரும்பியதிலிருந்து எனக்கு மட்டும் என்னவோ சரியாக இல்லை. வேண்டாம் என்றேன்.

தாய்மாமா விடவில்லை. "பையன்கிட்ட இன்னா கொறை? ஒண்ணே ஒண்ணு சொல்லு, நானே வேணாம்னு சொல்லிடறேன்."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"காரணமே இல்லாம எப்டிமா வேணாம்னு சொல்றது? அவங்க கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சரி என்று சொல்லியிருந்தால் ஒருவரும் காரணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் பாவு இணைத்து முடித்தேன். மாமா பதிலுக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா நெய்ய உட்காரத் தறிக்குழியில் கால் விடப் போனார். நான் கையால் தடவினேன். வழவழவென்று இருந்தது, ஒரு குறையும் இல்லை.

"நெருடுது" என்றேன்.

அப்பா அப்படியே விலகி நின்றார். நான் எதையும் தேடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நானும் நின்றேன்.

"பாவுல ஒண்ணுமில்லபா. பொய்தான் சொன்னேன். இத்தினி வருஷமா நான் சொன்னா நிறுத்திக்கினு இருக்கீங்க. ஒரு நாளாச்சும் ஏன்னு கேட்டீங்களா? பொடவைக்கு நிக்கிறீங்க. எனக்கு நிக்க மாட்டீங்களா?"

"தறியும் கல்யாணமும் ஒண்ணாடி?" என்று மாமா எகிறினார்.

அப்பா அவர் பக்கம் திரும்பவேயில்லை. போனை எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு வேணாம்னுடுச்சு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "காரணமா? நான் கேக்கலீங்க" என்றார்.

அன்று பெண் பார்க்க வந்தவர் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். மனைவி, குழந்தையோடு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். "பாத்தியா, தங்கமான பையன்" என்று மாமா இன்றைக்கும் குத்திக்காட்டுவார். தங்கமாகவே இருக்கட்டும். நான் மறுத்தது சரிதான் என்று காட்ட அவர் கெட்டுப்போக வேண்டியதில்லை. அன்று என்ன நெருடியது என்று எனக்கு இதுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

அன்று போனை வைத்த பிறகும் அப்பா தறியில் உட்காரவில்லை. பாவில் ஒன்றுமில்லை என்று நான்தான் சொல்லிவிட்டேனே, பிறகும் ஏன் நிற்கிறார் என்று பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சுபா" என்றேன். அதற்குப் பிறகுதான் குழியில் கால் விட்டார்.