வெயில் தாழாமல் கேக் கிளம்பாது

லோகப்பிரியா அக்காவின் வலது முன்கையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கேக் வாங்க வருகிறவர்கள் ஓவனில் சுட்டுக்கொண்டது என்று நினைப்பார்கள். "பாத்துச் செய்யக் கூடாதுங்களா?" என்று பரிதாபப்படுவார்கள். அக்காவும் "அவசரத்துல பட்டுருச்சுங்க" என்பார். ஆனால் ஓவன் வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. தழும்பு அதற்கு மூத்தது. பெருந்துறையில் கட்டிக்கொடுத்த வீட்டில், புருஷன் இஸ்திரிப் பெட்டியால் வைத்தது.

அவர் என் பெரியப்பா மகள். வயது முப்பத்தொன்று. விவாகரத்து ஆன பிறகு துடியலூரில் பெரியப்பா வீட்டு மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருக்கிறார். கீழே மூன்று படுக்கையறைகள் உண்டு. ஒன்று பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும். ஒன்று அக்காவின் தம்பி மதன்குமாருக்கு. மூன்றாவது ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் படுப்பதற்கு. ஒறம்பரை வருடத்துக்கு நான்கு நாள் வருவார்கள். அந்த அறையில் ஏசி இருக்கிறது.

இந்தக் கோடையில் நான் பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். எங்கள் வீடு அடுத்த தெரு. போனைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டால் நேராக அந்த மாடிக்குப் போய்விடுவேன். அங்கே வேலை விடிகாலை நான்கு மணிக்கே தொடங்கியிருக்கும். பகலில் ஓவன் போட்டால் கீழே ஹாலுக்கு அனல் இறங்குகிறது என்று பெரியம்மா சொல்லியிருந்தார்.

"நீ செய்யி கண்ணு, ஆரு வேண்டாங்கறா? ஊட்டுல மனுசரும் இருக்கறாங்கல்லொ, அதயும் பாக்கோணும்."

பெரியம்மா பெயர் பாப்பாயி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் கண்ணு, சாமி என்று சேர்த்துத்தான் சொல்வார். அதனால் சொன்னது என்ன என்று நமக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

வெந்த கேக்கின் நடு மேடாக உப்பியிருக்கும். அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று சமமாக உட்கார வேண்டுமென்றால் அந்த மேட்டை நீளக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் தொப்பி. தொப்பி எப்போதும் எனக்கு. எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மேலே மாம்பழம் நறுக்கி மூடி வைத்திருப்பார்.

"மெதுவாத் தின்னு அம்மணி. ஓவன் உன்னயத் தொரத்தீட்டா வருது?"

"சூடாவே குடுத்திருக்கலாமுங்க்கா."

"ஆறுனாத்தான் அது கேக்கு. சூட்டோட தின்னா வெறும் மாவு."

க்ரீம் பூசும்போது ஃபேன் போட மாட்டார். ஐசிங் சர்க்கரை பறந்துவிடும். தகரத்துக்குக் கீழே, கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கேக்கைத் திருப்பித் திருப்பிப் பூசுவார். முகத்திலிருந்து வியர்வை விழாமல் இருக்கத் தலையைப் பின்னால் சாய்த்தே வைத்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் திமிர் பிடித்தவர் போலத் தெரியும்.

அறைக்கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "மாலை 5.30 மணிக்கு மேல்தான் கேக் தரப்படும்." ஏப்ரலில் அபார்ட்மெண்ட் அம்மா ஒருவர் மதியம் இரண்டு மணிக்கே வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிப் போனார். வீடு போய்ச் சேர்வதற்குள் க்ரீம் ரோஜாக்கள் எல்லாம் பெட்டியின் ஒரு மூலைக்கு வழிந்துவிட்டன. அன்றே அக்கா இன்னொரு கேக் செய்து கொடுத்தார். அதன் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"வெயில் தாழாம கேக்கு கெளம்பாதுங்க."

மதன் அண்ணனுக்கு வைகாசியில் கல்யாணம் முடிவாகியிருந்தது. பெண் அன்னூர். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் தலையில் கூடை எடுத்துச் சபைக்கு வந்து, அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கூறைச் சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். தாலிக்கு முன்னால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஊரறிய நடக்கும் சடங்கு அதுதான். அக்காவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, பெரியப்பாவின் மோட்டார் பட்டறை வாசலில் முறத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மதன் அண்ணனோடு அந்த விளையாட்டைத்தான் விளையாடுவாராம். அண்ணன் நடுவில் எழுந்து ஓடினால், பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பாராம்.

அக்கா இணைச்சீருக்கென்று ஒரு பட்டு எடுத்து வைத்திருந்தார். சந்தன நிறம், பச்சைக் கரை. ரவிக்கைக்கு மணிக்கட்டு வரை கை.

"இந்த வெயில்ல இவ்வளவு நீளக் கையாங்க்கா?"

"அன்னிக்கு ஒரு நாளுதான அம்மணி. சபைல அத்தன பேரு பாப்பாங்கல்ல."

ஒரு நாள் நான் படியேறிப் போனபோது அவர் பத்து அங்குலக் கேக் டின்னைத் தலையில் வைத்து, கையை எடுத்துவிட்டு, கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டின்னை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த நாள் மதியம் என்னை மட்டும் கீழே கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரியப்பா தம்பிதுரை, பெரியம்மா, மதன் அண்ணன், என் அப்பா, அம்மா எல்லோரும் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது.

"பொண்ணூட்டுக்காரங்க கேக்கறாங்க," என்றார் பெரியம்மா. "தீத்துக்கிட்டு வந்த பொண்ணயா சபைல உக்கார வெப்பீங்கன்னு. அவிய கேக்கறதுலயும் ஞாயம் இருக்குதல்லங்க?"

என் அப்பாவும் அம்மாவும் தலையாட்டினார்கள். பிறகு பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "நீயும் தங்கச்சிதான கண்ணு. நீயே கூடை எடுத்துரு. உனக்குப் பட்டு எடுத்தாச்சு, மயில் கழுத்துக் கலரு."

"அக்காகிட்ட ஆரு சொல்றது? என்னால எல்லாம் முடியாது," என்றார் மதன் அண்ணன். போனிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

"ஆரும் சொல்ல வேண்டாம்," என்றார் பெரியப்பா. "சொன்னா அழுகாச்சி. அது பாட்டுக்குக் கேக்கு செய்யட்டும். முந்தின நாளு ரிசப்ஷனுக்கு மூணு அடுக்குச் செய்யச் சொல்லிப்போடலாம். ஏனம்மணி, அவ்வளவு பெரிய கேக்குன்னா அக்கா எத்தன மணிக்கு ஊட்ட உட்டுப் பொறப்படும்?"

எனக்கு விடை தெரிந்த கேள்வி. முந்திக்கொண்டு சொன்னேன். "அஞ்சரைக்கு மேலதானுங் பெரிப்பா. வெயில் தாழாம கேக்கு கெளம்பாது."

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். "அப்ப முந்தின நாளு நாலரைக்கே சீர முடிச்சரலாம்."

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இணைச்சீர் முகூர்த்தத்தன்று விடிகாலையில்தான் நடக்கும். இதுவரை மாற்றியதில்லை. அதனால் அக்காவுக்குச் சந்தேகம் வராது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அக்காகிட்ட வாயத் தொறந்துபோடாத சாமி," என்று பெரியம்மா என் தாடையைத் தொட்டுக் கொஞ்சினார்.

எனக்கு அதுதான் முதல் பட்டுச் சேலை. அன்று நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி அர்த்தமில்லை.

அன்று சாயங்காலமே பெரியம்மா மாடி ஏறி வந்தார். மூன்று வருடத்தில் அவர் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. "கடையில எல்லாம் வேண்டாம். நம்ம லோகு செஞ்சாத்தான் கேக்குன்னு அப்பா சொல்லிப்போட்டாங்க கண்ணு," என்றார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. கையில் க்ரீம் இருந்ததால் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சீருக்கு நாந்தானம்மா?" என்று கேட்டார்.

"நீயில்லாம ஆரு கண்ணு? காலைல பாத்துக்கலாம்."

நான் டப்பாவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா இறங்கிப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அதன்பின் இருபது நாள் நான் தினமும் மாடிக்குப் போனேன். தினமும் தொப்பி தின்றேன். அக்கா மூன்று அடுக்குக் கேக்கைக் காகிதத்தில் வரைந்து வரைந்து அடித்தார். கீழ் அடுக்கில் செம்பருத்தி, நடுவில் தென்னம்பாளை, மேலே சிறியதாக ஒரு கூடை. க்ரீமில் கூடை முடைய எட்டு முறை பழகினார். "மதனுக்குப் பாத்தாத் தெரியும்," என்றார். ஒருமுறை, "விடியால எத்தன மணிக்கு எந்திரிக்கோணும்னு அம்மா எதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். "தெரீலீங்க்கா," என்றேன். வாய் நிறையக் கேக் இருந்தது.

முந்தின நாள் மதியமே எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விட்டோம். மேட்டுப்பாளையம் ரோட்டில், அரை மணி நேரத் தூரம். வீட்டில் அக்காவும் கேக்கும்தான். நாலரைக்கு எனக்குக் கூடையைத் தூக்கி வைத்தார்கள். சீர் நடத்துகிற பெரியவர், "கூடப்பொறந்த புள்ள எங்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டார். பெரியப்பா, "இது எந்தம்பி புள்ளைங்க," என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனாலும் பெரியவர் தலையாட்டிவிட்டு ஆரம்பித்துவிட்டார். சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள். மறுமுனையைப் பிடித்திருந்த மதன் அண்ணனின் கை ஈரமாக இருந்தது. அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். போட்டோ நன்றாக வந்திருக்கிறது.

ஆறேகாலுக்கு டிரைவர் வேலனோடு அக்கா வந்து சேர்ந்தார். மூன்று பெட்டிகளில் மூன்று அடுக்கு, சுற்றிலும் ஐஸ். காரில் வரும் வழியெல்லாம் பெரிய பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாராம். ஐஸ் உருகி நனைந்து சுடிதார் தொடையோடு ஒட்டியிருந்தது. தோளில் ஒரு துணிப்பை. அதில் காலைக்கான சந்தனப் பட்டு.

அக்கா மேடைக்குப் பக்கத்தில் அடுக்குகளை ஏற்றினார். மேலே கூடையை வைத்துச் சரிபார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் சேலையை, மாலையை, நெற்றியில் வைத்த மஞ்சளை. எனக்குப் பின்னால் சுவரோரமாக, வேலை முடிந்து வைத்திருந்த சீர்க்கூடையை.

கத்தியை எடுத்து, கீழ் அடுக்கில் கொஞ்சம் வழிந்திருந்த க்ரீமை வழித்துச் சமம் செய்தார். பிறகு என் பக்கத்தில் வந்து காதருகே கேட்டார்.

"கூடை கனமா இருந்துச்சா?"

"இல்லீங்க்கா."

"ம்."

துணிப்பைக்குள் கைவிட்டு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். அன்றைக்கும் தொப்பி எடுத்து வந்திருந்தார். எனக்குப் பசிக்கும் என்று, சீர் முடிந்தது தெரிவதற்கு முன்பே எடுத்து வைத்தது. "இந்தா," என்று என் கையில் திணித்தார். "சேலைல சிந்தாம தின்னு."

மதன் அண்ணன் மேடையிலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். "கேக்கு சூப்பருங்க்கா!"

மைக்கில், "இந்த அழகான கேக்கைச் செய்த சகோதரி மேடைக்கு வரவும்," என்று அழைத்தார்கள். மூன்று முறை அழைத்தார்கள். அக்கா அப்போது மண்டப வாசலில் ஆட்டோ ஏறிக்கொண்டிருந்தார். வேலன் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாராம். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

விடிகாலையில் முகூர்த்தம் நடந்தது. பெண்ணின் அம்மா சாப்பாட்டுப் பந்தியில் பெரியம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "ஏனுங் சம்மந்தி, மாப்பளைக்குக் கூடப்பொறந்த அக்கா இருக்கறாங்கல்லொ, அவியளே சீரு செஞ்சிருப்பாங்கன்னு நாங்க நெனச்சமுங்க. அவியளுக்குன்னு ஒரு சேலகூட எடுத்தாந்தமுங்க."

பெண் வீட்டில் யாரும் எதுவும் கேட்டிருக்கவே இல்லை.

பெரியம்மா இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார். "அவளுக்கு இந்தச் சீரு செனத்தி எல்லாம் புடிக்காதுங்க. கேக்குன்னா உசுரு. ராத்திரியெல்லாம் முழிச்ச அசதி, ஊட்டுல தூங்கறா பாவம். அந்தச் சேலைய எங்கிட்டயே குடுத்துருங், நாங் குடுத்தர்றேன்."

அந்தச் சேலையை நான் பிறகு பார்த்தேன். ஒறம்பரை அறை பீரோவில் இருக்கிறது.

கல்யாணம் முடிந்து நான்காம் நாள், மதியம் மூன்று மணிக்கு மாடிக்குப் போனேன். கழுவிய டப்பா கையில் இருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. க்ரீம் அடிக்கும் பீட்டர் சுற்றும் சத்தம் கேட்டது. ஏலக்காய் வாசனை வந்தது. பெண் வீட்டு விருந்துக்கு அதே போல் இன்னொரு கேக் வேண்டும் என்று பெரியம்மா கேட்டிருந்தார். அக்கா மறுக்கவில்லை.

"அக்கா, நாந்தானுங்க."

பீட்டர் நின்றது.

"வெயில் தாழட்டும் அம்மணி," என்றார் உள்ளிருந்து. கோபமே இல்லாத குரல். அபார்ட்மெண்ட் அம்மாக்களிடம் பேசும் குரல். "இப்பக் கதவத் தொறந்தா க்ரீமு எளகிரும்."

சுடுகிற படியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தரை ஆயிற்று. வெயில் தாழ்ந்தது. எதிர்வீட்டுத் தென்னையின் நிழல் படியேறி, கதவில் ஒட்டியிருந்த காகிதம் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே மறுபடியும் பீட்டர் சுற்றத் தொடங்கியது.